தீவகத்தில் முதல் லினக்ஸ்: படகேறுமுன் செய்ய வேண்டியவை

நெடுந்தீவில் ஒரு மடிக்கணினி திறக்க மறுத்தால், அதைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் குறிகட்டுவானுக்கு வர வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று யாழ்ப்பாணம் ரவுணுக்கு இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் பஸ் பயணம். நயினாதீவுக்காரருக்குப் படகு கால் மணித்தியாலமளவில் கரை சேர்ந்துவிடும், பஸ் தூரம் அதேதான். ஊர்காவற்றுறையில் இருப்பவர் படகேறத் தேவையில்லை. ஆனாலும் கணினி திருத்தப் போனால் அவருக்கும் ஒரு நாள் போய்விடும். வழக்கமான லினக்ஸ் வழிகாட்டிகள், ஏதாவது பிழைத்தால் இணையத்தில் தேடலாம், அதுவும் சரிவராவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. சோளகம் பலமாக வீசிப் படகு நின்ற நாளில் தீவில் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை உதவாது. அதனால் இந்த அத்தியாயத்தின் ஒழுங்கு வேறு. வேலையில் முக்கால்வாசி படகேறுமுன்பே முடிந்துவிட வேண்டும்.

இப்போது லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் பலருக்கும் காரணம் ஒன்றுதான். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. வெளிநாட்டு உறவினர் விட்டுப்போன மடிக்கணினி, பாடசாலை ஆய்வுகூடத்தின் பழைய மேசைக் கணினி, மகளின் உயர்தரப் படிப்புக்கு இரண்டாம் கையாக வாங்கியது என்று தீவு வீடுகளில் இருக்கும் பொறிகளில் எத்தனையோ இந்த வரம்புக்குக் கீழே நிற்பவை. அவை நன்றாகவே இயங்குகின்றன. வழக்கமான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்தான் வராது. அவற்றுக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைப்பைக் கொடுக்க லினக்ஸால் முடியும்.

எந்த லினக்ஸ் என்பதில்தான் புதியவர் முதலில் மிரள்கிறார். 1991 இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது இயங்குதளத்தின் மையமான கருனி மட்டுமே. அதைச் சுற்றி மேசைத்தளம், செயலிகள், நிறுவும் கருவி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவதே வழங்கல். 1993 இல் டெபியன் தொடங்கியது, அதிலிருந்து 2004 இல் உபுண்டு, உபுண்டுவிலிருந்து 2006 இல் லினக்ஸ் மின்ட். நூற்றுக்கணக்கான வழங்கல்கள் இருந்தாலும் தீவில் முதன்முதலாக முயல்பவருக்கு இந்த நூல் சொல்வது ஒன்றே ஒன்று: லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளப் பதிப்பு. நிறுவும் கோப்பு 3 ஜிபிக்குள் அடங்குகிறது, அதேவேளை உபுண்டுவின் கோப்பு 6 ஜிபியளவு. லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ், வீடியோ பார்க்கும் செயலி எல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருப்பதால் இணையம் இல்லாமலே நிறுவி முடிக்கலாம். 22 ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி நினைவகம் இருந்தால் தாராளம், 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் உலாவியில் பல பக்கங்களைத் திறந்தால் திணறும்.

அதற்கும் குறைந்த பொறியானால் அன்டிஎக்ஸ் போன்ற இலகுவான வழங்கல் தேவை. 32 பிட் மட்டுமே தெரிந்த மிகப் பழைய கணினிகளுக்கு வழி சுருங்கிவருகிறது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 கூட அவற்றில் நேரடியாக நிறுவுவதைக் கைவிட்டுவிட்டது.

இந்தத் தெரிவை மாற்றக்கூடிய காரணம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டிலோ பாடசாலையிலோ ஏற்கனவே உபுண்டுவோ ஃபெடோராவோ பாவிக்கும் ஒருவர் இருந்தால், அவர் பாவிப்பதையே எடுத்துக்கொள்ளலாம். கடல் கடக்காமல் கிடைக்கும் உதவிக்கு ஈடான வசதி எந்த வழங்கலிலும் இல்லை.

கணினி தாங்கமுடியாத மந்தமாக இருந்தால், லினக்ஸுக்கு முன் வன்தட்டைக் கவனிப்பது நல்லது. சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்த இயங்குதளமும் தராது. ரவுணுக்குப் போகும் நாளில் அதையும் மாற்றிக்கொண்டு வரலாம். இன்னொரு நன்மை: கழற்றிய வன்தட்டில் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே பத்திரமாக இருக்கும். துணிந்து புதிதில் லினக்ஸை நிறுவலாம்.

தரவிறக்கத்துக்கு வருவோம். நல்ல இணைப்பு உள்ள இடத்தில், முடிந்தால் யாழ்ப்பாணத்திலேயே, இதை முடிக்க வேண்டும். தீவிலிருந்து மொபைல் டேட்டாவில் இறக்குவதானால் டொரன்ட் வழியே சிறந்தது. இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கும். மின்ட் தளத்தில் டொரன்ட் கோப்பும் கிடைக்கிறது. நேரடியாக இறக்குபவர், கூடவே தரப்படும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு தன் கோப்பை ஒப்பிட்டே தீர வேண்டும். இது வீண் சடங்காகத் தோன்றலாம். 2016 பெப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள் நுழைந்த ஊடுருவிகள், தரவிறக்க இணைப்பை மாற்றிக் கள்ளக்கதவு வைத்த ஒரு கோப்பை அங்கே வைத்தார்கள். மின்ட் குழு பின்னர் அறிவித்த சரியான எண்ணோடு ஒப்பிட்டவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. தீவில் இருப்பவருக்கு அதைவிட அன்றாடக் காரணம் ஒன்று இருக்கிறது: பாதியில் பழுதான கோப்பு, நிறுவலின் நடுவில்தான் தன் குணத்தைக் காட்டும். அப்போது மறுபடி 3 ஜிபி இறக்க வேண்டிவரும்.

கோப்பைப் பென் ட்ரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. விண்டோஸில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு மென்பொருளால் எழுத வேண்டும். 8 ஜிபி பென் ட்ரைவ் போதும். அதில் ஏற்கனவே இருப்பவை எல்லாம் அழியும் என்பதை மறக்கக்கூடாது.

வென்டோய் என்று இன்னொரு கருவி இருக்கிறது. தீவகத்துக்கு அது மிகப் பொருத்தம். ஒரு தடவை பென் ட்ரைவில் அதை நிறுவிவிட்டால், பிறகு எத்தனை வழங்கல்களின் கோப்புகளையும் சாதாரண நகலாகவே உள்ளே போடலாம். தொடங்கும்போது ஒரு பட்டியல் வரும், வேண்டியதைத் தெரிவுசெய்யலாம். 32 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் மின்ட், லுபுண்டு, அன்டிஎக்ஸ் மூன்றையும் போட்டு வைத்தால் நயினாதீவிலும் அனலைதீவிலும் எந்தப் பழைய கணினிக்கு எது ஒத்துவரும் என்று அங்கேயே பார்த்துவிடலாம். மிச்ச இடத்தில் பாடல், படம், புத்தகம் எதையும் வைக்கலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் உள்ள கணினியில் வென்டோய் முதன்முறை ஒரு நீலத்திரையைக் காட்டித் தன் சாவியைப் பதியச் சொல்லும், புதியவர் அதில் தடுமாறுவார். எட்சர் எழுதிய மின்ட் பென் ட்ரைவில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே பையில் இரண்டு இருக்கட்டும்: வென்டோய் ஒன்று, மின்ட் மட்டும் எழுதியது ஒன்று.

அந்த மிச்ச இடத்தில் முதலில் போக வேண்டியது தமிழில் உள்ள கையேடுகள். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ், லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறது, தன் எழுத்தாளர் நித்யா எழுதியவை போன்ற நூல்களை மின்னூலாக இலவசமாகவும் தருகிறது. இந்தத் துறையில் இலங்கைக்கும் மதிப்பான ஓர் இடம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமல்போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் இங்குள்ள தன்னார்வ நிரலாளர்கள் எழுதிய சகனா என்ற கட்டற்ற மென்பொருள், பிறகு பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான 2006 ஆம் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது.

படகேறுமுன் விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவை இன்னும் மூன்று. முதலாவது, கோப்புகளின் நகல். வெளி வன்தட்டிலோ வேறு பென் ட்ரைவிலோ படங்கள், ஆவணங்கள் எல்லாம் இருக்க வேண்டும், அந்த நகலைத் திறந்தும் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துவது. அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்திலேயே இருக்கும், அதன் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாது.

மூன்றாவதைப் பலர் தவறவிடுகிறார்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் பிட்லொக்கர் குறியாக்கம் பயனருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். தொடக்க அமைப்பில் கைவைத்தவுடன் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும், எடுக்க இணையம் வேண்டும், கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத இடத்தில் இந்தத் திரை வந்தால் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும். 48 இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இனி, நிறுவாமலே ஓட்டிப்பார்ப்பது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு இதைப்போல உதவும் வசதி வேறில்லை. பென் ட்ரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கும்போது, லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசுஸ் என்றால் எஸ்கேப் என்று தட்டினால், பொதுவாக எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். பென் ட்ரைவைத் தெரிவுசெய்தால் சிறிது நேரத்தில் மின்ட்டின் மேசைத்தளம் முழுதாகத் திறக்கும். வன்தட்டில் ஓர் எழுத்துக்கூட மாறியிருக்காது. எல்லாம் நினைவகத்தில் நடப்பது, மூடினால் தடயமே இராது. பென் ட்ரைவிலிருந்து ஓடுவதால் இதில் தெரியும் மந்தத்தை வைத்து லினக்ஸை எடைபோடக்கூடாது. பென் ட்ரைவைக் கணினி கண்டுகொள்ளாவிட்டால் வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பார்ப்பது முதல் வேலை. உப்புக்காற்று உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். கடலோர வீட்டுக் கணினியில் ஒரு துளை சரியாகத் தொடாமல் இருப்பது சாதாரணம்.

இந்த ஓட்டத்தைத் தீவிலேயே, கணினி வழக்கமாக இருக்கும் மேசையிலேயே செய்ய வேண்டும். அங்கே உள்ள அச்சுப்பொறி, அங்கே பிடிக்கும் சமிக்ஞை, அங்கே பாவிக்கும் டொங்கிள் இவற்றோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. வைஃபை பட்டியலில் வலையமைப்புகள் தெரிகின்றனவா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா, கமரா வேலை செய்கிறதா, ஒரு பக்கம் அச்சாகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவசரம் கூடாது. ஒரு முழுப் பின்னேரத்தையும் இதற்குக் கொடுக்கலாம்.

அதிகம் சறுக்குவது வைஃபைதான். பழைய கணினிகள் சிலவற்றில் உள்ள புரோட்கொம் சில்லுக்குத் தனி இயக்கி வேண்டும். மின்ட்டின் இயக்கி முகாமையாளர் அதை நிறுவல் பென் ட்ரைவிலிருந்தே எடுக்கும் என்பது இணையமற்ற இடத்தில் பெரிய ஆறுதல். அதுவும் கைகொடுக்காவிட்டால் அண்ட்ரொயிட் தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, தொலைபேசி அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். லினக்ஸ் அதை ஒரு கம்பி இணைப்பாக உடனே ஏற்றுக்கொள்ளும். ஒரு நல்ல யூஎஸ்பி கம்பியும் பையில் இருக்கட்டும்.

தமிழ் எழுதுவதையும் இந்தக் கட்டத்திலேயே சோதித்துவிட வேண்டும். மின்ட்டின் விசைப்பலகை அமைப்பில் இலங்கைக்குரிய தமிழ் 99 ஏற்கனவே உண்டு, இணையம் தேவையில்லை. ஆனால் அடுத்தடுத்த எழுத்தைப் பார்த்துத் தானாகப் புள்ளி வைக்கும் கெட்டித்தனம் அதற்கு இல்லை, புள்ளியைக் கையால்தான் இட வேண்டும். யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் பழகிய பலரின் விரல்கள் அமர்வது பாமினி முறையில்: ஏ விசையில் ய, எஸ் விசையில் ள, டி விசையில் ன. இதே ஒழுங்கைக் கொண்டதுதான் ரெங்கநாதன் விசைப்பலகை. யூனிகோடில் அதே விரலசைவோடு எழுதலாம். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவிக்கான எம்17என் தொகுப்பை மென்பொருள் முகாமையாளரிலிருந்து எடுத்தால், ரெங்கநாதன், தமிழ் 99, ஒலிப்பு முறை மூன்றும் சேர்ந்தே வரும். பிரதேச செயலகத்திலோ பாடசாலை அலுவலகத்திலோ வருடக்கணக்காகத் தட்டச்சு செய்தவரை ஒரே நாளில் புதிய விசைப்பலகைக்கு மாறச் சொல்வது நியாயமில்லை. இந்தத் தொகுப்பு அந்தச் சிரமத்தை எடுத்துவிடுகிறது.

பழைய பாமினிக் கோப்புகளுக்கு எழுத்துருவே வழி. விண்டோஸிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பைப் பென் ட்ரைவில் எடுத்துவந்து மின்ட்டில் இருமுறை கிளிக் செய்து நிறுவினால், லிப்ரே ஒஃபிஸில் அந்தக் கடிதங்கள் பழையபடியே தெரியும். பக்க அமைப்பு சற்று நகரக்கூடும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளோ கைரேகைக் கருவியோ வேலைக்கு அவசியமானால், விண்டோஸை அழிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவும் நாளுக்கு மின்சாரம் முக்கியம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். 1,700 கிலோவாற் சூரிய மின்சக்தியும் 530 கிலோவாற் காற்றாலையும் மின்கலங்களும் சேர்ந்த கலப்புத் திட்டம் ஒன்றுக்கு, 1 கோடியே 10 லட்சம் டொலர் இந்திய மானியத்தில் 2024 மார்ச் 1 ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது இந்த மூன்றுக்காகவே. வன்தட்டின் பகுதிகள் சுருங்கி நகரும் வேளையில் கரண்ட் போனால் விண்டோஸும் போகலாம், கோப்புகளும் போகலாம். மடிக்கணினியின் மின்கலம் நிறைந்திருக்கட்டும். மின்கலம் செத்த மடிக்கணினிக்கும் மேசைக் கணினிக்கும் யூபிஎஸ் இல்லாமல் தொடங்கக்கூடாது.

மேசைத்தளத்தில் உள்ள நிறுவும் சின்னத்தை அழுத்தினால் மொழி, விசைப்பலகை என்று கேள்விகள் வரும். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் ஆபத்தானது: விண்டோஸுக்கு அருகில் நிறுவுவதா, வன்தட்டை முழுதாக அழிப்பதா. முன்னதைத் தெரிவுசெய்தால் எவ்வளவு இடம் என்று கேட்கும். 20 ஜிபி குறைந்தபட்சம், 100 ஜிபி கொடுத்தால் பல வருடத்துக்குக் கவலையில்லை. விண்டோஸ் பகுதியை முன்கூட்டியே விண்டோஸின் சொந்தக் கருவியாலேயே சுருக்கி வைப்பது இன்னும் பாதுகாப்பு. வன்தட்டே தெரியவில்லை என்று நிறுவி சொன்னால், கணினியின் தொடக்க அமைப்பான பயோஸில் சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டியில் இருக்கக்கூடும். அதைத் தெரியாமல் மாற்றினால் விண்டோஸ் திறக்காது, எனவே அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கேட்பதே சரி. மற்றப்படி நேர வலயத்துக்குக் கொழும்பு, ஒரு பயனர் பெயர், மறக்காத ஒரு கடவுச்சொல். அதன்பின் பழைய வன்தட்டிலும் அரை மணி நேரமளவில் வேலை முடிந்து, மறுதொடக்கத்தில் மின்ட்டா விண்டோஸா என்று கணினி கேட்கும்.

முதல் வேலையாக டைம்ஷிஃப்ட் என்ற செயலியைத் திறந்து அமைப்பின் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். நாளை ஓர் இற்றைப்படுத்தல் எதையாவது குழப்பினால் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது போதும். சொந்தக் கோப்புகளை அது இயல்பாகக் காக்காது, அவற்றின் நகல் தனியே தேவை. இற்றைப்படுத்தல்கள் முதல் தடவை பல நூறு எம்பியாக வரும். மொபைல் டேட்டாவை அதில் கரைக்காமல், மடிக்கணினியை ரவுணுக்குக் கொண்டுபோகும் நாளில் செய்துகொள்ளலாம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தீவிலேயே உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும். தமிழ் இடைமுகத்துக்கான மொழித் தொகுப்பையும் ரவுணில் இறக்கலாம்.

ஒரே வீட்டில் அல்லது பாடசாலையில் இரண்டு மின்ட் கணினிகள் வந்துவிட்டால், வார்ப்பினேட்டர் என்ற செயலி அவற்றுக்கிடையே வெறும் ரவுட்டர் வழியாக, இணையமே இல்லாமல் கோப்புகளை அனுப்பும். கிவிக்ஸ் என்ற செயலி இருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக ஒரே கோப்பாகக் கொண்டுவந்து தீவில் திறக்கலாம். 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களை மின்வருடித் தரும் நூலகம் இணைய நூலகத்திலிருந்து, தீவகம் பற்றிய பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் ரவுணில் இறக்கி ஒரு கோப்புறையில் சேர்த்துவைத்தால், ஒரு சிறு வாசிகசாலையே கணினிக்குள் வந்துவிடும்.

ஏதாவது சிக்கினால், உதவி கேட்குமுன் சேகரிக்க வேண்டியவை நான்கு: கணினியின் மாதிரிப் பெயர், மின்ட்டின் பதிப்பு எண், திரையில் வந்த பிழைச்செய்தியின் தெளிவான படம், கடைசியாகச் செய்த மாற்றம். கணினித் தகவல் என்ற செயலியைத் திறந்தால் முதல் இரண்டும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். தொலைபேசியில் ஒரு படமெடுத்து அனுப்பினால், மறுகரையில் இருப்பவர் படகேறாமலே பதில் சொல்ல அது போதும்.